படர்க்கையில் ஒரு வெள்ளம்: பேரிடர்ச் செய்திச் சேவைகள் குறித்து ஒரு பயனரின் மதிப்பீடு

உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் மதிப்பீடு எழுதும் நாம், மாதந்தோறும் காசு கொடுத்து வாங்கும் செய்திக்கு ஏனோ எழுதுவதில்லை. சென்னையில் என் வீட்டுக்கு ஒரு தமிழ் நாளிதழின் சென்னைப் பதிப்பு வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரலில் என் தாயார் இருக்கும் வீட்டுக்கு அதே நாளிதழின் நெல்லைப் பதிப்பு வருகிறது. இரண்டு வீட்டுக்கும் தொலைக்காட்சி இணைப்புக் கட்டணத்தை நானே செலுத்துகிறேன். என் இணைப்பில் தமிழ்ச் செய்தி அலைவரிசைகளோடு மூன்று ஆங்கில அலைவரிசைகளும் இருந்தன. இவை தவிர, கட்டணமின்றிக் கிடைக்கும் வானிலை ஆய்வு மையத்தின் இணையதளம், பிபிசி தமிழ், வானிலை ஆர்வலர்களின் முகநூல் பக்கங்கள், என் தாயாரின் பேட்டரி ரேடியோ ஆகியவையும் எங்கள் புழக்கத்தில் உள்ளன. 2023 டிசம்பரில், இரண்டு வார இடைவெளியில் வந்த இரு வெள்ளங்களின்போது, இவை அனைத்தையும் இரு வேறு இடங்களில் நின்று பயன்படுத்த நேர்ந்தது. முதல் வெள்ளத்தில் நான் செய்திக்கு உள்ளே இருந்தேன். இரண்டாவதில் வெளியே இருந்தேன்.

முதலாவது மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் அது சென்னைக் கடற்கரையை ஒட்டி நகர்ந்து, 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. 4ஆம் தேதி காலையிலேயே எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. மாலையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்தது. இரவுக்குள் கைப்பேசியின் உயிரும் போயிற்று. நாடு முழுவதும் சென்னையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சென்னையில் இருந்த எனக்கு அடுத்த தெருவில் தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுகூடத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து மின்சாரம் வந்ததும், ஒளிபரப்பானவற்றைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். குறை சொல்ல முடியாத அளவுக்குக் காட்சிகள் குவிந்திருந்தன: மூடப்பட்ட விமான நிலைய ஓடுபாதை, அடித்துச் செல்லப்படும் கார்கள், காரப்பாக்கத்திலிருந்து படகில் மீட்கப்பட்ட இந்தி நடிகர் ஆமிர் கான். இந்தக் கடைசிக் காட்சியைத் தேசிய அலைவரிசைகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. தில்லியிலோ மும்பையிலோ இருக்கும் ஒருவர் சென்னை வெள்ளத்தை அறிந்துகொள்ள அவருக்குத் தெரிந்த ஒரு முகம் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதில் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படகு எந்தத் தெருவரை வந்தது, அடுத்த படகு எங்கே வரும், அதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அந்த நேரலையில் எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை, ஏனெனில் பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டில் தண்ணீர் இல்லை.

பள்ளியில் தமிழாசிரியர் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று சொல்லிக் கொடுத்ததை இந்த இடத்தில் துணைக்கு அழைக்கிறேன். பேசுபவர் தன்மை, கேட்பவர் முன்னிலை, பேசப்படுபவர் படர்க்கை. பேரிடர்ச் செய்தி எதைப் படித்தாலும் பார்த்தாலும், வெள்ளத்தில் நிற்பவர் அதில் முன்னிலையா, படர்க்கையா என்று கேட்டுப் பார்த்தால், அது யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்பது உடனே விளங்கிவிடுகிறது. இந்த மதிப்பீட்டில் நான் பயன்படுத்தியிருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

இரண்டாவது வெள்ளத்துக்குப் பெயர் இல்லை. டிசம்பர் 18ஆம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைக் காட்டிலும் அதிகமான மழை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் கொட்டியது. தாமிரபரணியில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் பாய்ந்தது. இத்தனைக்கும் காரணம் குமரிக்கடல் பகுதியில் நிலவிய ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகும் ஒரு சுழலின் காற்று வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அதற்குப் பெயர் சூட்டப்படும். பெயர் காற்றுக்கு உரியதே தவிர மழைக்கு உரியதன்று. ஆனால் செய்தி அறைகள் பெயரைக் கொண்டே இயங்குகின்றன. பெயர் வந்துவிட்டால் அதற்கெனத் தனி முத்திரை, தனி இசை, வரைபடத்தில் சுழலும் சிவப்பு வட்டம், மெரினாவில் மழைச்சட்டை அணிந்த செய்தியாளர் என எல்லாம் நான்கு நாள் முன்னதாகவே தயாராகிவிடுகின்றன. மேலடுக்குச் சுழற்சிக்கு யாரும் முத்திரை செய்வதில்லை. 16ஆம் தேதி இரவு நான் பார்த்த தமிழ் அலைவரிசைகளில் தென் மாவட்ட மழை, வானிலைத் துணுக்காக அரை நிமிடம் வந்து போயிற்று.

18ஆம் தேதி என் வீட்டில் மின்சாரம் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, இணையம் இருந்தது. ஏரலில் எதுவும் இல்லை. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்திருந்தன. காலை முதல் இரவு வரை எல்லா அலைவரிசைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆங்கில அலைவரிசைகளில் அன்று நாடாளுமன்றம்தான். ஒரே நாளில் 78 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அது சிறிய செய்தி அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பகுதி அந்த அலைவரிசைகளுக்குள் நுழைந்தது ரயில் வழியாக. திருச்செந்தூரிலிருந்து 17ஆம் தேதி இரவு சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துச் செல்லப்பட்டதால், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. சிலர் அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றப்பட, ஏறத்தாழ 500 பேர் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். ரயில் என்பது இந்தியா முழுவதும் அறிந்த பொருள். அதற்கு ஓர் எண் உண்டு, பயணிகள் பட்டியல் உண்டு, அறிக்கை வெளியிட ரயில்வே துறை உண்டு. ஆகவே தேசிய ஊடகத்துக்கு அந்த வெள்ளம் ஒரு ரயிலாகச் சுருங்கியது. அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த புதுக்குடி மக்களும் வெள்ளத்துக்கு நடுவில்தான் இருந்தார்கள் என்பது சில செய்திகளில் ஒரு வரியாக வந்தது, பலவற்றில் வரவே இல்லை.

தமிழ் அலைவரிசைகளைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவற்றின் செய்தியாளர்களுக்கு ஒரு மரியாதையைச் செலுத்திவிட வேண்டும். மார்பளவு தண்ணீரில் நின்று பேசிய அந்த இளைஞர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அவர்களுடைய வீடுகளிலும் தண்ணீர் புகுந்திருக்கக்கூடும். குறை அவர்களிடம் இல்லை. அவர்களிடம் கேள்வி கேட்ட சென்னை அரங்கத்தில் இருந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து பேசிய ஒருவரிடம், தண்ணீர் எந்தத் தெருவரை வந்திருக்கிறது என்று கேட்காமல், மக்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று நெறியாளர் கேட்டார். மனநிலையை அறிய விரும்புபவர் வெளியூரில் உலர்ந்த அறையில் இருப்பவர். தெருவின் பெயரை அறிய விரும்புபவர் அந்த ஊரில் உறவினர் உள்ளவர். தமிழ்நாட்டுக்கென நடத்தப்படும் அலைவரிசையிலும் தாமிரபரணிக்கரை படர்க்கையில்தான் பேசப்பட்டது என்பதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த சில நாட்களில் விவாதம் வானிலை முன்னறிவிப்புக்கு மாறியது. முன்னறிவிப்பு போதுமானதாக இல்லை என்று மாநில அரசுத் தரப்பு சொல்ல, 12ஆம் தேதியே எச்சரிக்கை தரப்பட்டது என்று 22ஆம் தேதி மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொல்ல, அதன் பிறகு ஒவ்வோர் இரவும் திரையின் நான்கு கட்டங்களுக்குள் நான்கு பேர் அமர்ந்து அதையே பேசினார்கள். ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை எப்போது சரியாகும் என்று அந்த நால்வரில் ஒருவரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் மாலை அம்மாவின் குரலைக் கேட்டேன். யாரோ ஒருவருடைய கைப்பேசியில், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போய்ப் பேசினார். தான் நலம், பசு நலம், அடுக்களையில் இடுப்பளவு சேறு என்று வரிசையாகச் சொல்லி முடித்தபின், "நம்ம ஊர டிவியில காட்டுனாவளாய்யா?" என்று கேட்டார். ரயிலைக் காட்டினார்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரயிலுதான் ஸ்ரீவைகுண்டத்துல நிக்கே" என்றார். அதிகம் பாதிக்கப்பட்ட இடத்தில் மின்சாரமும் சிக்னலும் முதலில் போகின்றன. அங்கிருந்து காணொளி வராது. காணொளி வராத இடம் செய்தியில் இராது. வெள்ளத்தின் அளவும் செய்தியின் அளவும் பல நேரங்களில் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய சதி எதுவும் தேவையில்லை.

இந்தப் பட்டியலில் என் மதிப்பில் முன்பைவிட உயர்ந்தது, பலரும் பழையது என்று ஒதுக்கும் நாளிதழின் மாவட்டப் பதிப்பு. நெல்லைப் பதிப்பில் அன்றாடம் ஒரு சிறு கட்டம் வரும்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என முழுக் கொள்ளளவு ஒருபுறம், அன்றைய நீர்மட்டமும் வரத்தும் வெளியேற்றமும் மறுபுறம். தஞ்சைப் பதிப்பில் அந்த இடத்தை மேட்டூரின் 120 அடி பிடித்துக்கொள்ளும். நடவுக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்கும் உழவருக்காகத் தொடங்கப்பட்ட இந்தக் கட்டம்தான், என் பார்வையில், தமிழ் இதழியலில் மிகச் சிறந்த வெள்ள எச்சரிக்கையும் ஆகும். அணை நிரம்ப இன்னும் எத்தனை அடி இருக்கிறது என்பதை ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய என் தாயார், அதை வைத்தே டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அரிசியை மேல் பரணுக்கு ஏற்றிவிட்டார். அதே நாளிதழின் சென்னைப் பதிப்பில் இந்தக் கட்டம் வருவதில்லை. அதன் இடத்தில் விளம்பரம் இருக்கிறது. ஆகவே ஒரே பெயரில் ஒரே விலையில் நான் வாங்கியது இரண்டு வேறு பொருட்கள். நாளிதழின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும்: தாள் நனையும், வண்டி நிற்கும். 2015 டிசம்பர் 2ஆம் தேதி, 1878இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' நாளிதழ், மறைமலைநகர் அச்சகத்துக்குப் பணியாளர்கள் சென்றடைய முடியாததால், தன் வரலாற்றில் முதன்முறையாகச் சென்னைப் பதிப்பை அச்சிடாமல் விட்டது. வெள்ளத்துக்கு முன்பும் பின்பும் பயன்படும் சேவை, வெள்ளத்தின் நடுவில் பயன்படாது.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைச் செய்தி நிறுவனங்கள் அப்படியே எடுத்து வாசிப்பதால், அதன் மொழியையும் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. "ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்யக்கூடும்" என்பது பலருக்குச் சமாதானம் சொல்வதுபோல ஒலிக்கிறது. ஆனால் ஓரிரு இடங்கள் என்பது பரப்பைக் குறிக்கும் துறைச் சொல். மழை பதிவாகும் நிலையங்களில் கால் பங்குக்கு உட்பட்டவை என்று பொருள். மழையின் கடுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதேபோல், 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அது அதி கனமழை. அதற்கு மேல் வேறு படிநிலை கிடையாது. 21 செ.மீ.யும் அதி கனமழை, காயல்பட்டினத்தின் 95 செ.மீ.யும் அதி கனமழை. சிவப்பு எச்சரிக்கை என்ற சொல்லைக் கேட்டவுடன் பள்ளி விடுமுறையா என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டதற்கு, இந்தச் சொற்களை ஒருமுறைகூட விளக்காமல் ஆண்டாண்டாக வாசித்து வரும் செய்திப் பிரிவுகளே பொறுப்பு. பிபிசி தமிழ் இந்த விளக்க வேலையை ஓரளவு செய்கிறது. மேலடுக்குச் சுழற்சி என்றால் என்ன, இவ்வளவு மழை ஏன் என்பன போன்ற கேள்விகளுக்கு நிதானமாக விடை சொல்லும் கட்டுரைகள் அங்கே கிடைக்கின்றன. கொழும்பிலும் கனடாவிலும் இருந்து படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்ற கட்டாயம் அந்த நடைக்கு ஒரு தெளிவைத் தந்திருக்கிறது. தண்ணீர் வடிந்தபின் படிக்கத் தகுந்த சேவை அது.

வானிலை ஆர்வலர்களின் பக்கங்கள் தனியொரு வகை. தமிழ்நாடு வெதர்மேன் என்று அறியப்படும் பிரதீப் ஜானின் பதிவுகளைச் சென்னையில் நானும் நம்பியே இருக்கிறேன்; மேகக் கூட்டம் எங்கே நிற்கிறது, இன்னும் எத்தனை மணி நேரம் பெய்யும் என்று, அண்டை வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல முன்னிலையில் பேசும் எழுத்து அது. ஆனால் அந்தப் பதிவுகளில் அடிக்கடி வரும் 'கேடிசிசி' என்ற சுருக்கெழுத்து, காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு ஆகிய நான்கையும் ஒரு வட்டத்துக்குள் வைக்கிறது. அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் அதைப் படிக்கும்போது, அடுத்த வீட்டு உரையாடலைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்பவராகிறார். டெல்டா, தென்காசி என வட்டாரப் பெயரையே தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஆர்வலர்கள் தோன்றியிருப்பது இந்தக் குறையை ஓரளவு தீர்த்திருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, சென்னை தப்பியது என்ற நிம்மதி அரங்கங்களில் வெளிப்படையாகத் தெரிந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் அப்போது ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெயர் இருந்தும் பயனில்லாமற் போனதற்கு அது சான்று.

கடலில் இருப்பவருக்கு இந்தச் சேவைகள் எதுவும் போய்ச்சேர்வதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, முதல் செய்திகள் சாய்ந்த மரங்களையும் மின்கம்பங்களையும் எண்ணின. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர், சின்னத்துறை மீனவர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்ற கணக்கைக் கடற்கரை ஊர்களின் தேவாலயங்கள்தாம் ஊர்வாரியாக எடுத்தன. டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயிலை மறித்த பிறகே சென்னை அரங்கங்கள் அந்த எண்ணிக்கையைத் தலைப்பில் வைத்தன. இங்கும் ஒரு ரயில் வந்து நிற்பதை வாசகர் கவனிக்கலாம்.

ஒப்பீட்டுக்கு ஓர் அயல்நாட்டுச் சேவையையும் சொல்கிறேன். தென் மாவட்ட வெள்ளத்துக்கு இரு வாரங்களுக்குப் பின், 2024 ஜனவரி 1 அன்று, ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் அறிவிப்பாளர் பதறாத குரலில் வாசிக்கவில்லை; ஏறத்தாழக் கத்தினார். உடனே உயரமான இடத்துக்கு ஓடுங்கள், திரும்பி வராதீர்கள், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் என்று தொலைக்காட்சியே சொன்னது. திரையில் சிறுவரும் வெளிநாட்டவரும் படிக்கக்கூடிய எளிய எழுத்துகளில் "சுனாமி! ஓடுங்கள்!" என்ற பொருள்படும் சொற்கள் நின்றன. 2011 சுனாமிப் பேரழிவின்போது நிதானமான அறிவிப்பு மக்களை விரைவுபடுத்தவில்லை என்று உணர்ந்து அவர்கள் மாற்றிக்கொண்ட நடை அது. 1995 கோபே நிலநடுக்கத்தில் கடினமான ஜப்பானிய மொழி புரியாமல் தவித்த வெளிநாட்டவரை மனத்தில் வைத்து உருவான 'எளிய ஜப்பானியம்' என்ற முயற்சியும் அதன் பின்னணியில் இருக்கிறது. நம்முடைய வாசகத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள்: "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்." அறிவுறுத்துபவர் யார் என்பது செயப்பாட்டு வினைக்குள் மறைந்துவிட்டது, கேட்பவரும் 'பொதுமக்கள்' என்ற படர்க்கைக்குள் போய்விட்டார். எது தாழ்வான பகுதி என்பதைத் தண்ணீர் வந்துதான் சொல்ல வேண்டும். தமிழில் ஏவல் வினைக்குப் பஞ்சமில்லை. "ஆற்றங்கரைத் தெருக்காரர்களே, இப்போதே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்று சொல்ல எந்த இலக்கணமும் தடையில்லை.

அப்படிச் சொன்னது எங்கள் ஊரில் ஒலிபெருக்கிதான். முன்பு தண்டோரா போடுவார்கள். அதைப் போடுபவரின் மாண்பைக் கருதி 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அந்த முறையை நிறுத்தச் சொன்னது, அது சரியான முடிவு. அதற்குப் பதிலாக வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி 17ஆம் தேதி மாலை தெருவில் போனதை அம்மா கேட்டிருக்கிறார். அதன்பின் மூன்று நாட்களுக்கு அவருக்குக் கிடைத்த வெளியுலகச் செய்தி முழுவதும் இரண்டு பேட்டரியில் ஓடும் ரேடியோ வழியாக வந்தது. வானொலிச் செய்தி அறிக்கை பத்து நிமிடம்தான் ஓடுகிறது, அதிலும் பாதி அமைச்சர்களுக்குப் போய்விடுகிறது என்பது அவருடைய புகார். மின்சாரம் இல்லாத வீட்டுக்குள் நுழைய முடிந்த ஒரே செய்திச் சேவை என்பதால், அந்தப் புகாரோடு சேர்த்தே அதற்கு என் பட்டியலில் முதலிடம் தருகிறேன்.

இவற்றையெல்லாம் வைத்து இந்த ஆண்டு சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். என் இணைப்பிலிருந்து மூன்று ஆங்கில அலைவரிசைகளை நீக்கிவிட்டேன். சென்னைப் பதிப்பை நிறுத்திவிட்டு, நெல்லைப் பதிப்பைத் தபாலில் வரவழைக்க ஏற்பாடு செய்தேன்; இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் அணை நீர்மட்டத்தின் போக்கு அதில் தெரிகிறது. எனக்கென்று ஒரு பேட்டரி ரேடியோ வாங்கினேன். அதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, பேட்டரியை உள்ளே போட்டே வைக்காமல் தனியாக எடுத்து வைக்கும்படியும், கசிந்து கெட்டுவிடும் என்றும் சொன்னார்.